‘ஓ’வுக்கும் ‘கே’வுக்கும் நடுவில்

எங்கள் வீட்டில் ஓகே என்று சொல்லாத ஒரே ஆள் என் அக்கா புருஷன்தான். புதுச் சட்டை ஓகேவா என்று அக்கா கேட்டால், “தோள்ல பிடிக்குது, கை சரியா இருக்கு” என்று துண்டு துண்டாகப் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம், ஓகேவா மாமா என்று நான் கேட்டால், “பாக்கணும்” என்பார். எதற்கும் பாக்கணும். தெருவில் அவருக்குப் ‘பாக்கணும்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “என்ன பாக்கணும் சார், தக்காளியப் பாக்கணுமா?” என்று காய்கறிக்காரர்கூடச் சீண்டுவார். மாமா கோபப்பட மாட்டார். நிஜமாகவே ஒவ்வொரு தக்காளியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவசரக்காரி. வாய் முந்தும், கை அதைவிட முந்தும். ஓகே என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று அக்கா மகள் ஒரு விடுமுறை நாளில் நோட்டும் பேனாவுமாக என் பின்னாலேயே சுற்றினாள். இரவுச் சாப்பாட்டுக்குள் அறுபத்து மூன்று. போனை வைக்க ஒரு ஓகே. பேச்சை மாற்ற ஒரு ஓகே. புரியாததைப் புரிந்த மாதிரிக் காட்ட ஒன்று. அவள் அம்மாவோடு சண்டையில், “ஓஹோ, அப்படியா சங்கதி” என்பதற்குப் பதில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி புடவையைக் காட்டியபோது, பிடிக்கவில்லை என்பதைப் பதமாகச் சொல்ல ஒன்று. “இதுல ஒரு தடவைகூட எல்லாம் சரியா இருக்குங்கற அர்த்தத்துல நீ சொல்லவே இல்ல சித்தி” என்றாள். “ஓகே, போடி” என்றேன். அறுபத்து நாலு என்று எழுதிக்கொண்டாள், கழுதை.

மாமா அந்த வார்த்தையைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதை எழுதுவதுதான் அவருடைய வேலை.

சிலிண்டர் சோதிக்கிற ஷெட்டில் அவர் செக்கர். நான் அங்கேயே பெயின்ட் அடிக்கிறவள். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வெல்டிங் பட்டறைகளில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். அவற்றை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சோதித்தாக வேண்டும். காலி சிலிண்டரின் வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கை விட்டு மாமா பார்ப்பார். சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு அதில் தண்ணீரை நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பம்ப்பால் அழுத்தம் ஏற்றுவார். இரும்புதான் என்றாலும் அந்த அழுத்தத்தில் அது துளி உப்பும். தொட்டியோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவதை வைத்து எவ்வளவு உப்பியது என்று தெரியும். அழுத்தத்தை விட்டதும் ஏறின தண்ணீர் பழைய கோட்டுக்கே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால் அந்த இரும்பு தளர்ந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். இறங்கினால் சாக்பீஸால் அதன் தோளில் இங்கிலீஷில் ஓகே என்று இரண்டு எழுத்து எழுதுவார். நான் அதைத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்து, ஸ்டென்சில் வைத்துத் தேதி போடுவேன். லாரி ஏற்றிக்கொண்டு போகும். நிரப்புகிற இடத்தில் உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்து, வால்வைப் பூட்டி, வாயுவை அடைப்பார்கள். அப்புறம் ஐந்து வருடத்துக்கு அதை ஒருவரும் தட்டிப் பார்க்கப் போவதில்லை.

தளர்ந்த சிலிண்டருக்குள் அழுத்தி வாயுவை அடைத்தால் என்ன ஆகும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்டேன். “கூரை இருக்காது” என்றார் மாமா.

ஆரம்பத்தில் இரண்டு எழுத்தையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பிரித்தது மகளின் பள்ளிக்கூடப் பாடம். அவள் பத்தாவது படித்தபோது, தினமும் பேசுகிற ஓர் ஆங்கில வார்த்தையின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்து எழுதி வரச் சொன்னார்களாம். அவளா விடுவாள், அப்பாவின் வார்த்தையையே எடுத்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது படித்துக் காட்டினாள்.

கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் விளையாட்டாக அச்சடித்த வார்த்தையாம் அது. ‘எல்லாம் சரி’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதி, பிழையான இரண்டு சொல்லிலிருந்தும் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம். அந்தக் காலத்து இளவட்டங்களுக்கு அது ஒரு கிறுக்கு. இதே மாதிரி இன்னும் பத்துப் பன்னிரண்டு குறும்பு வார்த்தைகள் இருந்தனவாம். மற்றதெல்லாம் செத்துப்போக, இது மட்டும் அடுத்த வருடமே ஒரு தேர்தல் கோஷத்தில் தொற்றிக்கொண்டு பிழைத்தது. பிறகு தந்தி அடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சின்ன வார்த்தை, சீக்கிரம் அடித்துவிடலாம். இன்றைக்கு உலகத்தில் அது போகாத வீடு இல்லை.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “அப்ப, தப்பா எழுதினதையா நான் இத்தன வருஷமா எழுதிட்டிருக்கேன்?”

“இன்னொரு கதையும் இருக்குப்பா. ஆனா அது கட்டுக்கதை, ஆதாரம் கிடையாது” என்று மகள் பக்கத்தைத் திருப்பினாள். “சண்டை முடிஞ்சு திரும்பி வர்ற படை ஒரு பலகையில எழுதுமாம். மொதல்ல ஒரு பூஜ்யம். பக்கத்துல, செத்தவங்கன்னு குறிக்கிற எழுத்து. இன்னிக்கு நம்ம ஆளு ஒருத்தரும் சாகலன்னு அர்த்தமாம்.”

“அதுதான் சரி” என்றார் மாமா.

“அது பொய்ப்பா.”

“இருக்கட்டும். எனக்கு அதுதான் சரி.”

மறுநாளிலிருந்து எழுத்தைப் பிரித்துவிட்டார். விளக்கு விட்டுப் பார்த்து, தட்டிக் கேட்டதும் ‘ஓ’ மட்டும் போடுவார். தண்ணீர்ச் சோதனையும் முடிந்து, குழாயில் தண்ணீர் கோட்டுக்கு இறங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ‘கே’. “பூஜ்யத்தப் போட்டுட்டு நிக்கறப்ப பயமா இருக்கும் சின்னவளே. அந்தப் பயம் நல்லது” என்றார். ஷெட்டில் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்காமல் அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

ஈரமான இரும்பில் சாக்பீஸ் எழுத்து நிற்காது. வழியும், பாதி போய்விடும். அவர் சேர்த்து எழுதின காலத்திலிருந்தே, அரைகுறையாக வந்ததைப் பூர்த்தி செய்துகொள்வது எனக்குக் கைப்பழக்கம். இரண்டு எழுத்தும் இருந்தால்தான் ரிஜிஸ்டரில் டிக் விழும். ஸ்டென்சிலுக்குக் கோடு போட என்னிடமும் ஒரு சாக்பீஸ் உண்டு. இதற்காக அந்தக் கோடியில் இருக்கிற மனுஷனைக் கூப்பிட்டுக்கொண்டா இருப்பது? அவரும் சில நாள் எதையோ தேடுகிற மாதிரி வரிசையைப் பார்ப்பார். “முடிச்சிட்டேன் போல” என்று அவராகவே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார்.

போன வருடம் ஒரு புது மேனேஜர் வந்தார். ஓகே ஓகே என்று இரட்டை இரட்டையாகச் சொல்கிற ஆள். அவர் வாயிலிருந்து அது வந்தால், நீ சொல்வது என் காதில் விழவில்லை என்று அர்த்தம். லாரி நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்குக் கவலை. அன்றைக்கு மதியம் லாரி நின்றுகொண்டிருந்தது. மாமா ஒரு சிலிண்டரைத் தொட்டியில் இறக்கி அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. பம்ப் நின்றது. மாமா அழுத்தத்தை விட்டு, செயின் கப்பியால் சிலிண்டரை மெதுவாக வெளியே எடுத்து, வரிசையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, எலெக்ட்ரீஷியனைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனார்.

நான் அப்போது வெளியே குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது வரிசையில் பதினொன்று தயாராக நின்றன. பன்னிரண்டாவதன் தோளில் ‘ஓ’. அதன் பக்கத்தில் தண்ணீர் வழிந்த தடம்.

“என்னம்மா, முடிஞ்சுதா? லாரிக்காரன் கத்துறான்” என்று மேனேஜர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“இதோ சார், ஓகே” என்றேன். என் சாக்பீஸை எடுத்து ஒரு கோடு, இரண்டு சாய்வுக் கோடு. அவ்வளவுதான். மேனேஜர் கிட்டே வந்து, பன்னிரண்டிலும் இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டிக் போட்டுவிட்டுப் போனார். நான் அதைத் துடைத்துப் பெயின்ட் அடித்தேன். காய்வதற்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வரிசையின் ஓரத்தைப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்.

“சின்னவளே, இங்க ஒண்ணு வெச்சிருந்தேனே?”

“லாரில போயிடுச்சு மாமா.”

“அது எப்படிப் போகும்? அதுக்கு நான் ‘கே’ போடலயே. தண்ணி இறங்கவே இல்ல. கோட்டுக்கு மேல நின்னுச்சு. பம்ப் நின்னதால அப்படியா, இரும்பே தளந்துடுச்சான்னு தெரியல, மறுபடி ஏத்திப் பாக்கணும்னு வெச்சிருந்தேன்.” என் முகத்தையே பார்த்தார். “நீ பெயின்ட் அடிக்கறப்ப ‘கே’ இருந்துச்சா?”

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார், வேலை போய்விடும் என்று பயம் கவ்விக்கொண்டது. “இருந்துச்சு மாமா” என்றேன். பொய்யில்லை பாருங்கள். இருந்ததுதானே.

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானா போட்டேன்?” என்றார்.

நிரப்புகிற இடத்துக்குப் போன் போடச் சொல்லிக் கெஞ்சினார். மேனேஜர் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். “பன்னண்டும் ஓகே. உங்களுக்கே மறந்துபோச்சு. இத வெளிய சொன்னீங்கன்னா ஷெட்ட இழுத்து மூடிருவாங்க, அப்புறம் இத்தன பேர் வீட்டுல அடுப்பு எரியாது. ஓகே? ஓகே.”

மாமாவே வெளியே போய்க் கடையிலிருந்து போன் போட்டார். ஆள் எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பினார். தனியாக விட மனசில்லாமல், அல்லது என் குற்றம் என்னைத் துரத்தினதால், நானும் கூடப் போனேன். சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும் நம்பரை வாயிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். நாலு ஏழு ஒன்று ஒன்பது. நாலு ஏழு ஒன்று ஒன்பது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிரப்புகிற இடத்து ஆள் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. “நேத்து வந்தத நேத்தே நிரப்பி அனுப்பியாச்சு அண்ணே. எது எந்தக் கடைக்குப் போச்சுன்னு எப்படிச் சொல்றது, எல்லாம் கலந்துடும்” என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நிரப்பறப்ப ஒண்ணும் ஆகலல்ல? அப்ப ஓகேதான் அண்ணே” என்று சிரித்தார்.

“நிரப்பறப்ப ஆகலன்னா வெயில்ல ஆகும். கீழ விழறப்ப ஆகும்” என்றார் மாமா. அந்த ஆள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பழைய மாதிரி ஒரு நாள்கூட விடியவில்லை. எங்காவது டயர் வெடித்தால் மாமா எழுந்து நின்றுவிடுவார். செய்தியில் தீ விபத்து என்று வந்தால் எங்கே, எந்தப் பட்டறை, எத்தனை பேர் என்று கேட்பார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வெல்டிங் கடையாக ஏறி இறங்கி, குனிந்து குனிந்து நம்பரைப் படித்தார். சிலர் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். சிலர் கிறுக்கன் என்று விரட்டினார்கள்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தன் கையையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்தாரே, அதுதான் என்னைக் கொன்றது. நினைவில்லாமல் ஒரு ‘கே’யை எழுதிய கை வேறு என்னதான் எழுதாது? அடுப்பை அணைத்தோமா என்று நாலு முறை போய்ப் பார்த்தார். கதவைப் பூட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டு, “பூட்டிட்டேனா, நீ சொல்லு” என்றார். ஷெட்டில் ஒரு சிலிண்டருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் மேனேஜர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்கா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பெயர், தேதி, கிழமை எல்லாம் கேட்டுவிட்டு, மறதி ஆரம்பிக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். “ஓகே, அடுத்த மாசம் வாங்க” என்றாராம். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. பகலெல்லாம் நாற்காலியில் சரிந்து கிடந்தார். ‘பாக்கணும்’ என்று தெருவே சீண்டின மனுஷன் எதையும் பார்க்காமல் கிடந்தார்.

எட்டு மாதம் ஓடியது. நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம் அக்காவும் மகளும் துணி எடுக்கப் போயிருந்தார்கள். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். மேசைமேல் மாத்திரைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்து, “காலையில போட்டேனா சின்னவளே? நான் போட்டேன்னு நெனைக்கறேன். ஆனா என்னை நம்ப முடியாதே” என்றார்.

என்னால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். “மாமா, அந்த ‘கே’ நான் போட்டது. தண்ணி பட்டு அழிஞ்சிடுச்சுன்னு நெனச்சு நான்தான் போட்டேன். உங்களுக்கு மறதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னைக் கொன்னு போடுங்க மாமா.”

திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். “அப்ப நான் போடலயா? நான் போடலயா?” என்று வலது கையை இடது கையால் தடவிக்கொண்டார். மாத்திரைகளையெல்லாம் வழித்து டப்பாவில் போட்டு மூடினார். “எந்திரி, அழாத. அவசரத்துல பண்ணிட்டே. எட்டு மாசமா எனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டிருந்தேன்டி” என்றார். எனக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன், மன்னித்தும்தான் இருந்தார்.

தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கப் போன கை பாதியில் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. இத்தனை மாதத்துக்கு அப்புறம் அந்தக் கண்களில் பழைய செக்கரின் பார்வை வந்தது.

“அழிஞ்சதுன்னு நெனச்சுப் போட்டேன்னு சொன்னியே” என்றார். “எதுக்கு அப்படி நெனச்சே? அதுக்கு முன்னாடியும் போட்டிருக்கியா?”

நான் வாயைத் திறந்தேன். அந்த நிமிடம் வரைக்கும் ஒரே ஒரு சிலிண்டரைப் பற்றித்தான் நான் அழுதுகொண்டிருந்தேன், சத்தியமாக.

“போட்டிருக்கேன் மாமா.”

“எத்தன?”

அவர் எழுத்தைப் பிரித்து ஆறு வருடம் ஆகிறது. வாரத்துக்கு ஒன்றா, இரண்டா? எது தண்ணீரில் அழிந்தது, எது அவர் பயந்துபோய் எழுதாமல் நிறுத்தி வைத்தது? எல்லாமே என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. எல்லாவற்றையும் துடைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, ஐந்து வருடத்துக்குத் தேதி போட்டு நான்தான் வழியனுப்பினேன்.

“தெரியல மாமா” என்றேன்.

மாமா எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“நம்பராவது ஞாபகம் இருக்கா? ஒண்ணு, ரெண்டு?”

“ஒண்ணுகூட இல்ல மாமா.”